காருக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்

குடியரசுத் தலைவரோ பிரதமரோ ஒரு சாலை வழியே போகிறார் என்றால், ஓரத்தில் நிற்கும் ஒருவரை அந்தக் கார் வரிசை கடந்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. கூடியிருக்கும் அத்தனை பேரும் காரைப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் காவலர் மட்டும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பார். விடியுமுன் தன் பாயிண்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். யாருக்காக நின்றாரோ அவர் முகத்தைப் பார்க்காமலே வீடு திரும்புவார். பந்தோபஸ்துக்குப் போகும் புதுக் காவலருக்கு முதலில் சொல்லித்தரப்படுவது இந்தத் திசைதான். ஆபத்து வந்தால் கூட்டத்திலிருந்தோ, மாடியிலிருந்தோ, மதகுக்கு அடியிலிருந்தோ வரும். காரையே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மாசி மகத்தை ஒட்டிப் பழமலைநாதர் கோயிலின் ஐந்து தேர்களும் வீதியில் இறங்கும்போது ஊர்க் கண்ணெல்லாம் சாமி மேல் இருக்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு நடப்பவர் மட்டும் தலை நிமிர மாட்டார். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. கான்வாய்க் காவலும் அந்த வகை வேலைதான்.

இந்தப் பக்கம் வரும் பெரிய தலைவர்கள் இப்போது வான்வழியேதான் அதிகம் வருகிறார்கள். 2016 ஏப்ரல் 11 அன்று விருத்தாசலத்தில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்துக்கு அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா ஹெலிகாப்டரில் வந்தார். 2025 ஜூலை 27 அன்று பிரதமர் மோடி, ஆடித் திருவாதிரை விழாவுக்காகத் திருச்சியிலிருந்து அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஹெலிகாப்டரில் வந்து, இறங்குதளத்திலிருந்து கோயிலுக்குச் சாலையோர மக்களைப் பார்த்துக் கையசைத்தபடி காரில் போனார். ஹெலிகாப்டர் என்றால் சாலை வேலை குறைந்துவிடும் என்று வெளியே தோன்றும். வேலை பார்ப்பவர்களுக்கு அது கூடத்தான் செய்கிறது. தளத்திலிருந்து மேடை வரை ஒரு வழியைக் காக்க வேண்டும். வானிலை கெட்டு ஹெலிகாப்டர் எழும்ப முடியாமல் போனால் தரைவழியே வர இன்னொரு முழு வழியையும் காக்க வேண்டும். அந்த இரண்டாவது வழியில் கடைசி வரை எந்த வண்டியும் வராமல் போகலாம். ஆனாலும் அங்கே ஆள் நின்றாக வேண்டும்.

ஏன் என்பதை 2022 ஜனவரி 5 காட்டியது. பஞ்சாபில் பிரதமர் பதிண்டாவிலிருந்து ஹுசைனிவாலாவுக்கு ஹெலிகாப்டரில் போவதாக இருந்தது. மழையும் மோசமான பார்வைத் தெளிவும் குறுக்கிட, சாலைவழியே கிளம்பினார்கள். சேருமிடத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் இருக்கும்போது, முன்னால் போராட்டக்காரர்கள் சாலையை மறித்திருந்ததால் கார் வரிசை ஒரு மேம்பாலத்தின் மேல் 15 முதல் 20 நிமிடம் வரை நின்றது. மேம்பாலத்தில் பக்கவாட்டில் ஒதுங்க வழி கிடையாது. உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி இந்து மல்ஹோத்ரா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. போதிய ஆள்பலம் இருந்தும், பிரதமர் அந்த வழியாக வரப்போவது முன்கூட்டியே சொல்லப்பட்டும், மாவட்டக் காவல் தலைமை கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று அந்தக் குழு கண்டது.

யார் எதற்குப் பொறுப்பு என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது என்பதற்காகவே காவல்துறையில் ‘ப்ளூ புக்’ என்று சொல்லப்படும் விதிமுறைத் தொகுப்பு இருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோரின் பயணங்கள் அதன்படி நடக்க வேண்டும். பிரதமரின் உடலை ஒட்டிய வட்டம் எஸ்.பி.ஜி. என்ற சிறப்புப் பாதுகாப்புக் குழுவின் கையில் இருக்கிறது. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு 1985-ல் உருவாகி, 1988-ல் தனிச் சட்டம் பெற்ற அமைப்பு அது. அதற்கு வெளியே உள்ள சாலை, கட்டடம், கூட்டம், போக்குவரத்து எல்லாம் மாநிலக் காவல்துறையின் பொறுப்பு. வருகைக்குச் சில நாள் முன்பே எஸ்.பி.ஜி. அதிகாரிகள், மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., தீயணைப்பு, மருத்துவம், மின்வாரியம், பொதுப்பணித்துறை எல்லோரும் உட்கார்ந்து பேசும் ஏ.எஸ்.எல். என்ற முன்கூட்டிய பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும். எந்த ஆஸ்பத்திரி, அங்கே எந்த வகை ரத்தம் இருப்பில் இருக்க வேண்டும், மின்சாரம் போனால் எந்த ஜெனரேட்டர், மேடைப் படிக்கட்டு எத்தனை பேரைத் தாங்கும் என்பதெல்லாம் அங்கே எழுத்தில் ஏறும்.

அதன்பின் தொடங்குவது நடை. வழித்தடத்தை வண்டியில் போய்ப் பார்த்தால் போதாது, இறங்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு மதகும் சிறுபாலமும் எண்ணப்பட்டுப் பட்டியலில் ஏறும். வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் மெட்டல் டிடெக்டரும் மோப்ப நாயுமாக ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்துவிட்ட மதகை அதற்குப் பிறகு தனியே விடக் கூடாது. வருகை முடியும்வரை அதன்மேல் ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பதாகத் தோன்றும் அந்த ஆள்தான் சோதனை வீணாகாமல் காப்பவர். 2011 அக்டோபர் 28 அன்று பா.ஜ.க. தலைவர் அத்வானியின் யாத்திரை போகவிருந்த வழியில், மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே ஆலம்பட்டியில் குழாய் வெடிகுண்டு கிடைத்தது ஒரு சிறுபாலத்துக்கு அடியில்தான். 2003 அக்டோபர் 1 அன்று திருப்பதி அலிபிரியில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் கான்வாய் மீது வெடித்த கிளேமோர் கண்ணிவெடிகளும் சாலையோரத்தில் முன்பே பதிக்கப்பட்டிருந்தவை. குண்டு துளைக்காத கார் அவர் உயிரைக் காத்தது. ஆனால் சாலை அவரைக் காக்கவில்லை.

விருத்தாசலம் மாதிரி ஊரில் நடக்கும்போது பட்டியல் நீளும். கடலூர், சேலம், உளுந்தூர்பேட்டை, ஜெயங்கொண்டம் சாலைகள் கூடும் ஊர் இது. மணிமுக்தாற்றுப் பாலம் இருக்கிறது. சென்னை - திருச்சி தடமும் சேலம், கடலூர்க் கிளைகளும் சேரும் ரயில் சந்திப்பும் இருக்கிறது. வழியில் ரயில்வே கேட் வந்தால் போலீஸ் சொல்லி அதைத் திறந்துவைக்க முடியாது. கேட் சிக்னலோடு பிணைந்தது. நிலைய அதிகாரியிடம் ரயில் நேரத்தைக் கேட்டு, கான்வாயின் நேரத்தைத்தான் அதற்கேற்ப நகர்த்தவோ வேறு வழி பார்க்கவோ வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர் எங்கே ஒதுங்கும், எந்தச் சந்திலிருந்து மாடு ஓடிவரும், எந்த மொட்டைமாடிக்கு வெளிப்பக்கம் படிக்கட்டு, எந்த லாட்ஜில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அது பீட் பார்க்கும் ஏட்டுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து பட்டாலியன் ஆட்கள் எத்தனை பேர் வந்து இறங்கினாலும், ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர் ஸ்டேஷன் ஆள் ஒருவர் இருந்தால்தான் அந்தப் பந்தோபஸ்துக்குக் கண் உண்டு.

இனி வண்டிகள். வரிசைக்கு வெகு முன்னால் ஓர் எச்சரிக்கை வண்டி போகும். வழியில் ஏதாவது தட்டுப்பட்டால் ஒயர்லெஸ்ஸில் முதலில் சொல்வது அது. அடுத்துப் பைலட், பிறகு எஸ்கார்ட், அதன்பின் தலைவரின் கார். அதே நிறத்தில், அதே அச்சில் இன்னொரு கார் கூடவே வரும். முதல் கார் பழுதானால் மாறி ஏறவும், எதில் இருக்கிறார் என்று வெளியே தெரியாமல் இருக்கவும் அது உதவும். பின்னால் இன்னோர் எஸ்கார்ட், டாக்டர், ஆம்புலன்ஸ், கடைசியில் டெயில் கார். ரிமோட் குண்டுகளுக்கான சிக்னலை முடக்கும் ஜாமர் வண்டியும் வரிசையில் இருக்கும். பயணத்துக்கு முந்தின நாள் இந்த வரிசை முழுதும் அதே சாலையில் அதே வேகத்தில் ஒத்திகை ஓடும். எந்தத் திருப்பத்தில் எத்தனை வினாடி வேகம் குறைகிறது என்பது அப்போதுதான் தெரியவரும். வேகம் குறையும் இடங்களில் கூடுதல் ஆள் போடப்படும்.

கவசத்தைப் பற்றிப் பீங்கான் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் கொலு பொம்மையும் அகல் விளக்கும் மின்சாரப் பியூஸ் கட்டையும் ஒரு வகைப் பீங்கான். அலுமினா, போரான் கார்பைடு போன்றவற்றை உயர்ந்த வெப்பத்தில் இறுக்கிச் செய்யும் தகடுகள் இன்னொரு வகை. வீரர்கள் அணியும் குண்டு துளைக்காத கவசங்களில் இருப்பவை இவை. தோட்டா மோதும்போது தகடு நொறுங்கும். நொறுங்கும்போதே தோட்டாவின் முனையையும் நொறுக்கிவிடும். சிதறிய துண்டுகளைப் பின்னாலிருக்கும் நார் அடுக்கு பிடித்துக்கொள்ளும். காரில் பெரும்பாலும் எஃகுத் தகடும் பல அடுக்குக் கண்ணாடியும் அந்த வேலையைச் செய்கின்றன. எந்தக் கவசமும் தருவது சில நொடிகளைத்தான். அந்த நொடிகளில் வண்டி நகர வேண்டும், நகர வழி இருக்க வேண்டும்.

கான்வாய் ஓட்டுநர்களின் முதல் விதி இதிலிருந்துதான் வருகிறது. என்ன நடந்தாலும் நிறுத்தாதே. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி கிளமாரில் பிரெஞ்சு அதிபர் டி கால் காரை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் காரை நிறுத்தவில்லை, அதிபர் தப்பினார். மறு ஆண்டு நவம்பர் 22 அன்று டல்லாஸில், செய்தித்தாளில் முன்பே வெளியான வழியில், கூரையில்லாத கார் ஒரு கூர்மையான திருப்பத்தைக் கடந்து மெதுவாகப் போனபோது அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் காலையில் ஒரு குண்டுவீச்சிலிருந்து தப்பிய ஆஸ்திரிய இளவரசரின் பயணவழி மாற்றப்பட்டது. ஓட்டுநருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பழைய வழியில் திரும்பிய காரை அதட்டி நிறுத்த, நின்ற இடத்தில் துப்பாக்கியோடு ஒருவன் இருந்தான். மாற்றத்தைக் கடைசி ஓட்டுநர் வரைக்கும், கடைசி பாயிண்ட் காவலர் வரைக்கும் சொல்லிமுடித்த பிறகுதான் அது மாற்றம் ஆகிறது.

கார் பத்திரமாகச் சேர்ந்ததும் வேலை முடிவதில்லை. இறங்கி நடக்கும் தூரம்தான் மிகக் கடினமானது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் காரில் வந்து சேர்ந்தார். வழியில் எதுவும் நடக்கவில்லை. அப்போது அவர் பிரதமர் இல்லை என்பதால் எஸ்.பி.ஜி. பாதுகாப்பும் இல்லை. கூட்டத்தை விலக்க முயன்ற பெண் உதவி ஆய்வாளரிடம், எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுங்கள் என்று ராஜீவே சொன்னார். மாலையோடு நெருங்கியவர்களில் ஒருத்தி மனித வெடிகுண்டாக வெடித்து அவரைக் கொன்றாள். தமிழ்நாட்டுக் காவலர்கள் இன்றைக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தருணம் அது. தலைவருக்கு மக்கள் அருகில் வர வேண்டும், காவலருக்கு இடைவெளி வேண்டும். மாலை போடுபவர், மனு கொடுப்பவர் என்று ஒவ்வொரு பெயரும் முன்பே சரிபார்க்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும் என்று இன்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் அந்த இரவுதான்.

இந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. மறிக்கப்பட்ட சாலையில் நிற்பவருக்கும் ஓர் உயிர் உண்டு. 2021 ஜூன் 25 அன்று கான்பூரில் குடியரசுத் தலைவருக்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண் இறந்தார். காவல் ஆணையர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2017 ஜூன் 17 அன்று, பெங்களூரு டிரினிட்டி சந்திப்பில் போக்குவரத்து உதவி ஆய்வாளர் நிஜலிங்கப்பா, அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் கான்வாய் வந்துகொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டார். அவரைத் துறை பாராட்டியது. சந்திப்பில் நிற்கும் ஒரு எஸ்.ஐ. அந்த நேரத்தில் யாரிடமும் அனுமதி கேட்க முடியாது. ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முந்தின நாள் பிரீஃபிங்கிலேயே சொல்லியிருந்தால், அது ஒரு தனி மனிதரின் துணிச்சலை நம்பி நிற்காது.

தமிழ்நாட்டிலும் மாற்றங்கள் வந்தன. 2021 ஜூனில், முதலமைச்சர் செல்லும் வழிகளில் பெண் காவலர்களைச் சாலையோரப் பாதுகாப்புக்கு நிறுத்துவதைத் தவிர்க்கும்படி காவல்துறைத் தலைமை அறிவுறுத்தியது. கழிப்பறை இல்லாத சாலையில் மணிக்கணக்கில் நிற்பது என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அக்டோபரில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் முதலமைச்சர் நிகழ்ச்சிக்கான போக்குவரத்து நிறுத்தத்தில் சிக்கித் தாமதமாக நீதிமன்றம் வந்து, உள்துறைச் செயலாளரை அழைத்துக் கேட்டார். சில நாட்களில் முதலமைச்சரின் கான்வாய் 12 வண்டிகளிலிருந்து 6 ஆகக் குறைந்தது.

காத்திருக்கும் கூட்டத்தைப் பற்றி விருத்தாசலத்துக்குச் சொந்த நினைவே உண்டு. 2016 ஏப்ரல் 11 கூட்டத்தில், கோடை வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் இறந்துபோனார்கள். முதலமைச்சர் வந்து, பேசி, பத்திரமாகத் திரும்பினார். பழைய கணக்குப்படி அந்தப் பந்தோபஸ்து குறையில்லாமல் முடிந்தது. காவல் தொழிலை நேசிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது, தரவும் கூடாது. கூட்டத்தைப் பார்த்து நிற்கச் சொல்லித்தரப்பட்டவர் அந்தக் காவலர். மயங்கிச் சரிகிறவரை முதலில் பார்ப்பதும் அவரே. அவர் கையில் தண்ணீர் இருக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் போக நடுவில் ஒரு பாதை காலியாக இருக்க வேண்டும், வெயில் ஏறுமுன் கூட்டத்தை நிழலில் உட்காரவைக்க அவர் மேலதிகாரிக்கு அதிகாரம் இருக்க வேண்டும். தலைவர் எந்நேரம் வருவார் என்ற உண்மையான நேரம் கூட்டத்துக்கும் சொல்லப்பட வேண்டும். ஏ.எஸ்.எல். கூட்டத்தில் எழுதப்படும் பட்டியலில் ஆஸ்பத்திரியும் ரத்தமும் தலைவருக்காக இடம்பெறுவது போல, இந்த நான்கும் மக்களுக்காக அதே தாளில், அதே கையெழுத்துகளோடு ஏற வேண்டும்.