எட்டு மணி நேரமும் எங்க வீட்டுத் தறியும்

எங்க ஊர் தேவிகாபுரம். ஆரணிப் பட்டுன்னு கடையில தொங்குற புடவையில சிலது எங்க தெருவுல நெஞ்சதா இருக்கும். அப்பாவுக்குக் குழித்தறி, நமக்கு சென்னையில ஆணி புடுங்குற வேலை. வேலை எப்ப முடியும்னு கேட்டா ரெண்டு பேர்கிட்டயும் பதில் கிடையாது.

அப்பாவுக்குப் புடவைக்கு இவ்வளவுன்னு கூலி. மணிக்கணக்குன்ற பேச்சே இல்லை. விடியறதுக்கு முன்னாடி உக்காந்தா ராத்திரி வரைக்கும் மிதி, நாடா, மிதி, நாடா. தார் சுத்துற அம்மாவோட நேரமும் அந்தக் கூலிக்குள்ளயே கரைஞ்சிடும், தனியா யாரும் எண்ணுறதில்லை. மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறினா வேலையும் இல்லை, காசும் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணின்னு வரம்பு போட்டது, மீறினா ரெட்டைச் சம்பளம்னும் சொன்னது. ஆனா மின்சாரம் இல்லாம வேலை நடக்குற இடத்துல 20 பேராவது இருந்தாத்தான் அந்தச் சட்டத்துல அது தொழிற்சாலையா இருந்தது. ரெண்டு பேர் இருக்குற தறி வீட்டு வாசப்படியை அது மிதிக்கவே இல்லை. அதனால நெசவாளர் சங்கம் கூலி உயர்வைத்தான் கேக்கும். கூலி ஏறினாத்தானே மணி குறையும்!

எனக்கு சட்டம் இருக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளைக்கு 8, வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் 10, 54 தாண்டக்கூடாது. நான் முதல்ல சேர்ந்த கம்பெனியில டைம்ஷீட்டுல 8க்கு மேல போட்டா சிவப்புல எர்ரர் வரும். ரிலீஸ் வாரத்துல ராத்திரி ஒரு மணிக்கு கேப் ஏறினாலும் கணக்கு 8தான். டேமேஜர்கிட்ட கேட்டதுக்கு, "சிஸ்டம் எடுக்காதுப்பா, எட்டே போட்டுடு"ன்னார். சட்டத்தை இவ்வளவு ஒழுங்கா அமல்படுத்துற சாஃப்ட்வேரை நான் வேற எங்கயும் பாத்ததில்லை :-)

இந்த மணிக்கணக்கு சண்டை ஒண்ணும் புதுசில்லை மக்களே. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகளோட முதல் குறைகள்ல ஒண்ணு, மதிய சாப்பாட்டுக்குக் குடுத்த அரை மணி நேரம் பத்தலைங்கிறது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடுன்னு ரெண்டு வியாபாரிகள் போய் பி.பி. வாடியாவைக் கூட்டிட்டு வந்தாங்க. 1918 ஏப்ரல் 27-ல சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. கேட்டது என்னவோ சோறு திங்க நேரம்!

அப்புறம் 2023. ஏப்ரல் 21-ந்தேதி 12 மணி நேர வேலைக்கு வழி விடுற திருத்தம் சட்டசபையில நிறைவேறிச்சு. வாரத்துக்கு 48 தாண்டாது, நாலு நாள் வேலை, மூணு நாள் லீவுன்னாங்க. (மூணு நாள் லீவுன்னா எனக்கும் ஆசைதான். அந்த மூணு நாள்ல போன் வராதுன்னு யார் உத்தரவாதம் தர்றது?) சிஐடியு, ஏஐடியுசி மட்டுமில்ல, அப்போ ஆளுங்கட்சியா இருந்த திமுகவோட தொமுசவே எதிர்த்தது. மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க. மே 1 அன்னிக்கு சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவுல வாபஸ்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார்.

அப்போ எங்க ஆபீஸ் கேண்டீன்ல ஒருத்தர், "நமக்கு எதுக்குப்பா, அது ஃபேக்டரிக்காரங்க மேட்டர்"னார். அன்னிக்கு நாங்க உள்ள வந்து 11 மணி நேரம் ஆகியிருந்தது.

ஐ.டி. ஆளுங்க சங்கம் வெக்கலாம்னு தமிழக அரசு 2016-லயே தெளிவுபடுத்திடுச்சு. 2024 ஜூலையில கர்நாடகாவுல 14 மணி நேர வேலைக்கான திட்டம்னு செய்தி வந்தப்போ அங்க இருக்குற ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு தெருவுக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனா இருக்குற 8 மணி நேரத்தை நிரூபிக்கணும்னா டைம்ஷீட் உதவாது. கதவுல கார்டு தேய்ச்ச நேரமும் கேப் ஏறின நேரமும்தான் சாட்சி. சங்கம் தொழிலாளர் துறைகிட்ட முதல்ல கேக்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்னு எனக்குத் தோணுது. ஒரு மாசமா என்னோடதை ஒரு நோட்டுல எழுதிட்டு வர்றேன். மொதல் வாரம் மட்டும் 61 மணி.

உங்க ஆபீஸ் டைம்ஷீட் எவ்வளவு வரைக்கும் எழுத விடுது? பின்னூட்டத்துல சொல்லுங்க, கம்பெனி பேர் வேணாம்.