கயிற்றுக்கு வெளியே நீண்ட கை

மௌலா அலி குன்றில் படியேறுபவர்கள் நாடிப் போவது ஒரு கைத்தடத்தை. 1578இல், கோல்கொண்டாவை இப்ராஹிம் குதுப் ஷா ஆண்டபோது, அரண்மனை ஊழியர் யாகூத்தின் கனவில் ஹஸ்ரத் அலி இந்தக் குன்றின் பாறைமீது கையூன்றி அமர்ந்திருந்தாராம். மறுநாள் வந்து பார்த்தால் கல்லில் கையின் பதிவு. நம்புகிறவர்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

குன்றைச் சுற்றி ஹைதராபாத்தின் வடகிழக்குப் பகுதி விரிகிறது. ரயில் பாதைகள், டீசல் லோகோ ஷெட், ரயில்வே பயிற்சி நிலையம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு. சற்றுத் தள்ளி 1967இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். அந்த அரசு நிறுவனம் தயாரித்த ஈ.சி. டி.வி. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பெருமை. இன்று அது நினைவில்தான் இருக்கிறது.

1990களில் கேபிள் வந்ததும், இத்தகைய குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு வேறொரு நம்பிக்கை வாய்த்தது: டபிள்யு.டபிள்யு.எஃப். மல்யுத்தம். அப்பாக்களுக்கு தாராசிங்கும் கிங்காங்கும் என்றால், பிள்ளைகளுக்கு ஹல்க் ஹோகனும் பிரெட் ஹார்ட்டும். வீரர்களின் உயரம், எடை, மார்பளவு அச்சடித்த சீட்டுகள் பள்ளிப் பைகளில் ஒளிந்திருந்தன.

அதில் தனிச் சுவை 'டேக் டீம்' ஆட்டம். இருவருக்கு எதிராக இருவர். மேடைக்குள் அணிக்கு ஒருவர்தான் மோதலாம். கூட்டாளி தன் மூலையில், கயிற்றுக்கு வெளியே கை நீட்டி நிற்க வேண்டும். உள்ளிருப்பவர் அந்தக் கையைத் தொட்டால்தான் அவர் நுழையலாம். மொத்த நாடகமும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடும். நல்லவர் அடி வாங்கி, தவழ்ந்து தன் மூலைக்கு வருவார். விரல் தொடும் தூரத்தில் எதிரி காலைப் பிடித்து இழுப்பார். ஒருவழியாகக் கை தொட்டுவிடும். நடுவரோ அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருப்பார். செல்லாது! டி.வி.க்கு முன் பிள்ளைகள் கத்துவார்கள்.

இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று 1989லேயே நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டிருந்தது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்து தப்புவதற்காக. அதைச் சொல்லியிருந்தாலும் பள்ளி வராந்தாக்களில் யார் நம்பியிருப்பார்கள்?

அன்றைய பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அதே ஆட்டங்களைச் செல்போனில் மறுபடி பார்த்தால் அன்று தெரியாதது தெரிகிறது. தூக்கி எறியப்படுபவர், எறிபவருக்கு உதவியாகத் தானே எம்புகிறார். எறிபவரின் கை எதிரியின் கழுத்தைத் தாங்கிக்கொள்கிறது. மேடையில் இருந்தது இரண்டு அணிகள் அல்ல. நால்வரும் ஒரே அணி.

ஆனாலும் உடல்கள் கொடுத்த விலை பொய்யல்ல. 1995 ரெஸில்மேனியாவில் ஓவன் ஹார்ட்டும் யோகோசூனாவும் ஜோடியாகப் பட்டம் வென்றார்கள். 1999இல் அரங்கின் கூரையிலிருந்து இறக்கப்படும்போது விழுந்து ஓவன் இறந்தார். மறு ஆண்டு யோகோசூனா. இருவருக்குமே அப்போது வயது 34. 1986இல் பட்டம் வென்ற 'பிரிட்டிஷ் புல்டாக்ஸ்' ஜோடியில் டேவி பாய் ஸ்மித் 2002இல், 39 வயதில் மறைந்தார். டைனமைட் கிட் கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்து, 2018இல் போய்ச் சேர்ந்தார். பழைய ஆட்டத்தை ரசிக்கும்போதே பார்ப்பவர் மனம் வயதைக் கணக்குப் போடுகிறது.

2002இல் டபிள்யு.டபிள்யு.இ. என்று பெயர் மாறிய அதே நிறுவனம், 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத்துக்கே வந்தது. நகரின் மறுகோடியில், கச்சிபௌலியின் ஜி.எம்.சி. பாலயோகி உள்ளரங்கம். கடைசி ஆட்டம் டேக் டீம்தான்: ஜான் சீனாவும் செத் ராலின்ஸும் ஒரு பக்கம், லுட்விக் கைசரும் ஜியோவானி வின்சியும் மறுபக்கம். சீனா ஜோடி வென்றது. முடிவு முன்பே தீர்மானமானது என்பது இப்போது சிறுவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் டிக்கெட் வாங்குகிறார்கள். கயிற்றுக்கு வெளியே ஒரு கை நீண்டிருக்கும்வரை, உள்ளே விழுந்து கிடப்பவர் எழுந்துவிடுவார் என்று நம்புவதில் என்ன நஷ்டம்?