சும்மாட்டின் மேல் ஒரு வழக்கு

சிலமலையில் யாருக்குக் கழுத்து பிடித்தாலும் தீர்ப்பு தயாராக இருக்கும்: "எல்லாம் தூக்குன சுமைதான்." போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் உழைத்தே வயதானவர்கள் நிறைந்த ஊர். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி ரோப்வேயில் இறங்கிய அந்த நாளிலும், தோட்டத்துக்குள் மூட்டை நகர்ந்தது ஆள் தலையில்தான். என் பெரியம்மாவும் சுமந்தவர். கழுத்துத் தேய்மானம் தண்டுவடத்தை நெருக்குகிறது என்று ஸ்கேன் சொன்னதும், சும்மாட்டின் மேல் போடும் இந்தப் பழி எவ்வளவு நிஜம் என்று தேடத் தொடங்கினேன்.

பெரியம்மாவுக்குக் கழுத்து வலி பெரிதாக இல்லை என்பதுதான் முதல் சிக்கல். செடியின் தூரில் குத்தவைத்து, சரத்தில் விளைந்த காயை மட்டும் விரலாலேயே கண்டுபிடித்து எடுப்பவர் அவர். அந்த விரலிலிருந்து காய் நழுவியது. ஜாக்கெட் கொக்கி மாட்டப் பேத்தியைக் கூப்பிட்டார். சரிவில் கால் பின்னியது. வாதம் என்றார்கள் சிலர், சர்க்கரை என்றார்கள் சிலர்.

மதுரையில் நரம்பு டாக்டர், "கையை வேகமா மூடி மூடித் திறங்கம்மா" என்றார். நல்ல கை 10 வினாடியில் 20 தடவையாவது திறந்து மூடும். பெரியம்மாவின் விரல்கள் பாதியிலேயே திணறின. தண்டுவடம் கழுத்தில் நசுங்கினால் கை இப்படித் தடுமாறும் என்று ஜப்பானிய மருத்துவர் ஓனோவும் அவருடைய குழுவினரும் 1987-இல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நோய்க்கே அடையாளம் கிடைத்தது தாமதமாகத்தான். 1920-களில்கூடக் கழுத்தில் பிதுங்கிய ஜவ்வைக் கட்டி என்றே அறுவை மருத்துவர்கள் நினைத்தார்கள். 1952-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல் பிரெய்னும் சகாக்களும், தேய்ந்த கழுத்து மெல்ல மெல்லத் தண்டுவடத்தை நெருக்கும் விதத்தைத் தனி நோயாக விவரித்தார்கள். வயதாக ஆக ஜவ்வு வற்றித் தட்டையாகிறது. எலும்பின் ஓரத்தில் முள் வளர்கிறது. பின்புறத் தசைநார் தடிக்கிறது. நடுவில் தண்டுவடத்துக்கு இடம் குறைகிறது.

சுமைக்கு இதில் என்ன பங்கு? தலைச்சுமைக்காரர்களின் கழுத்துக் காயங்களைப் பற்றி 1968-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. 1997-இல் வெளிவந்த ஓர் ஆப்பிரிக்க ஆய்வில், சுமக்காதவர்களைவிடச் சுமப்பவர்களின் எக்ஸ்ரேயில் தேய்மானம் பல மடங்கு தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பவருக்கெல்லாம் தண்டுவடம் நசுங்குவதில்லை. கழுத்தில் தண்டுவடம் இறங்கும் எலும்புக் குழாய் சாதாரணமாக முன்பின்னாக 17 மில்லிமீட்டர் அளவு இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே 13-க்கும் கீழே. அப்படிப் பிறந்தவருக்குச் சின்ன முள்ளே போதும். மூட்டையே தூக்காத குமாஸ்தாவுக்கும் இது வருவது அதனால்தான்.

ஆக, சும்மாடு கூட்டாளி. குற்றவாளி அது மட்டுமல்ல. பழியைச் சுமைமேல் போட்டதில் பெரியம்மாவுக்கு நேர்ந்த நஷ்டம் வேறு: கழுத்து வலிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தார். அறுவை சிகிச்சை பெரும்பாலும் நோய் மேலும் முற்றாமல் நிறுத்தும்; நாள்பட்டுப் போன நரம்பு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போகும் பெண்களிடம் கழுத்து வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. கொக்கி மாட்ட முடிகிறதா, இருட்டில் தடுமாறாமல் நடக்க முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். முடியவில்லை என்று பதில் வந்தால், அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை, டாக்டரிடம் போவதே லாபம்.