தொட்டி வளர்த்த மீன்

பேராவூரணி சேது சாலையில் ஒரு வண்ணமீன் கடை. "இதெல்லாம் எங்கேர்ந்து தம்பி வருது?" என்று கேட்டால், "மெட்ராஸ்லேர்ந்துண்ணே, கொளத்தூரு" என்று உடனே பதில் வரும். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பைகளைத் தெர்மாக்கோல் பெட்டியில் அடுக்கி ராத்திரி பஸ்ஸில் போட்டால் விடிந்ததும் இங்கே இறக்கிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இரட்டை வால், உருண்டை வயிறு, வேகமாக நீந்தவும் வராது. கல்லணைக் கால்வாயில் விட்டால் கொக்குக்கு இரையாகிப் போகும் இந்தக் கோல்டு ஃபிஷ் முதன்முதலில் எந்தத் தண்ணீரில் உண்டாயிற்று? "அது தொட்டியிலயே பொறந்ததா இருக்கும்ணே" என்றார் தம்பி. போகிற போக்கில் சொன்னதுதான். கொளத்தூரில் தொடங்கிச் சீனம் வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டேன். அதைவிடச் சரியாகச் சொல்ல என்னாலும் முடியவில்லை.

கொளத்தூரில் வீட்டுக் கொல்லை, மொட்டை மாடி என்று எங்கும் சிமெண்ட் தொட்டிகள். குஞ்சு பொரிக்கவைத்து விற்பதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஒரு அம்மா தொட்டியில் மிதந்த ஆகாயத்தாமரையைத் தூக்கி வேரைக் காட்டினார். வேர் நெடுக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிய, உள்ளே ஒளி புகும் முட்டைகள் ஒட்டியிருந்தன. நம் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். பக்கத்துத் தொட்டியில் இருந்த குஞ்சுகளைக் கோல்டு ஃபிஷ் என்றே சொல்ல முடியாது. எல்லாம் பாசி நிறம். பொன்னிறம் பிறகுதான் வருகிறது. வயிற்றுப் பக்கம் மஞ்சள் தட்டி, முதுகின் கருமை மெல்லக் கலைய மாதக்கணக்கில் ஆகிறது. சில மீன்கள் கடைசிவரை நிறம் மாறுவதே இல்லை. அந்த அம்மா குஞ்சுகளை வெள்ளை பேசினில் விட்டு, குனிந்து மேலிருந்து பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒற்றை வால் ஒரு பக்கம், முதுகு வளைந்தது ஒரு பக்கம். "சைடுல பாத்தா ஏமாந்துருவோம் சார். வாலு விரியறது மேலேர்ந்து பாத்தாதான் தெரியும்" என்றார்.

என் கேள்விக்கான விடை அந்தப் பேசினில்தான் இருந்தது.

கோல்டு ஃபிஷ்ஷின் மூதாதை சீனத்து நீர்நிலைகளில் திரியும் சாம்பல் நிறக் கெண்டை வகை. எப்போதாவது ஒன்று சிவப்பாகப் பிறக்கும். பௌத்தர்கள் புண்ணியத்துக்காக உயிர்களைக் கொண்டுபோய் விடும் குளங்களில் அதற்கு அடைக்கலம் கிடைத்தது. சோங் அரசர்கள் காலத்தில் ஹாங்சோ நகரத்துச் சிவப்பு மீன்கள் பேர் பெற்றிருந்தன. 12ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்குள்ளேயே அவற்றுக்குக் குளம் வந்துவிட்டது. ஆனாலும் குளத்தில் இருந்தவரை மாறியது நிறம்தான். மிங் அரசர்கள் காலத்தில் மண் தொட்டிக்கும் பீங்கான் தொட்டிக்கும் வந்த பிறகே உடம்பு மாறியது. குளத்தில் இரைக்குப் போட்டிபோட முடியாமல் செத்திருக்கும் கோணல் வால் மீன், முற்றத்துத் தொட்டியில் பிழைத்துக்கொண்டது. 1596இல் ஜாங் சியெந்த இந்தச் சிவப்பு மீன்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆயிரக்கணக்கில் வாங்கு, பல தொட்டிகளில் பிரித்து விடு, நாள்தோறும் கழித்துக்கொண்டே வா, மிகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள் என்பது அவர் சொல்லும் முறை. கொளத்தூர் அம்மா செய்ததும் அதுவே. கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் 1850களில்தான் இங்கிலாந்தில் கிளம்பியது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, மேலிருந்து பார்க்கிற கண்ணுக்காக இந்த வால் விரிந்துவிட்டது.

2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. கரு வளரும்போது முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று வகுப்பதில் பங்குள்ள கார்டின் என்ற மரபணுவில் ஒரு பழுது. இரட்டை வால் அதன் விளைவு. மற்ற மீன்களில் இப்படிப் பழுதானால் பிழைப்பதே அரிது. கோல்டு ஃபிஷ்ஷின் முன்னோருக்கு மிகப் பழங்காலத்திலேயே மரபணுத் தொகுதி மொத்தமும் இரட்டித்துவிட்டது. ஆகவே கார்டினும் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றுகிறது.

இடையில் ஒரு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. நம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஓலயக்குன்னத்திலும், மன்னார்குடிப் பக்கம் தாலிக்கோட்டையிலும் மண்ணுக்குள்ளிருந்து சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சோங் காலத்தவை. 1015, 1033, 1077 ஆண்டுகளில் சோழர் தூதுக் குழுக்கள் அதே சோங் அவைக்குப் போய்ச் சேர்ந்தன. சிவப்பு மீன் குளத்தில் நீந்திக்கொண்டிருந்த காலம் அது. காசு வந்தது, பீங்கான் வந்தது. மாதக்கணக்கான கடல் வழியில் மீனை உயிரோடு கொண்டுவருவது வேறு வேலை. போனவர்களில் ஒருவராவது ஒரு குளக்கரையில் நின்று பார்த்திருப்பார் என்றே என் மனசு சொல்கிறது.

கோய் என்ற வண்ணக் கெண்டையின் பிறப்பிடத்தைத் தேடினால் கதை வயலுக்குப் போகிறது. டெல்டாக்காரனான எனக்கு அதில் தனி சந்தோஷம். ஜப்பானின் நீகாதா பகுதியில் யமாகோஷி, ஓஜியா மலைக் கிராமங்கள். குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி விழும் இடம். படிப்படியான நெல்வயல்களுக்கு நீர் தேக்கும் குட்டைகளில் விவசாயிகள் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவற்றில் சிவப்பும் வெள்ளையும் தலைகாட்ட, தின்னாமல் எடுத்துவைத்துப் பெருக்கினார்கள். 1914 டோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகே வெளியுலகம் அறிந்தது. 2004 அக்டோபர் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் இடிந்து யமாகோஷி ஊரே வெளியேறியபோது, தாய்மீன்களை ஹெலிகாப்டரில் ஏற்றி மீட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போன காலையைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு மேஜைமேல் வைக்கும் கண்ணாடிக் குடுவையை என்னால் பொறுக்க முடியவில்லை. கோல்டு ஃபிஷ் சரியாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் வரும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். இரண்டு லிட்டர் தண்ணீரில் அது விடும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும். நம் ஊரில் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறையைத் தென்னை நிழலில் வைத்து அடியில் கான்கிரீட் போட்டால் போதும். நாலடி விட்டமுள்ள உறையில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றாலே ஐந்நூறு லிட்டருக்கு மேல். நாலைந்து மீன்களுக்குத் தாராளம். புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரைப் பலமுறை மாற்ற வேண்டும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும். சித்திரை வெயிலில் இன்னும் கவனம் தேவை. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7 சொச்சம்தான் பிடிக்கும். பாசி முற்றிய தொட்டியில் ராத்திரி அதையும் பாசி எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் காரணம் இதுவே.

கோய் இந்த உறைக்குள் அடங்காது. இரண்டடி வளரும் மீன். மூன்றடிக்குக் குறையாத ஆழமும் ஆயிரக்கணக்கான லிட்டரும் அதற்கு வேண்டும். பக்கத்துத் தோப்பு மாமா தன் பண்ணைக் குட்டையில் விடலாமா என்று கேட்டார். விடலாம். 1957இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்குக் கொண்டுவரப்பட்ட சாதா கெண்டை கட்லா, ரோகுவோடு இன்று எங்கும் வளர்கிறது. கோய்க்கு அது நெருங்கிய சொந்தம். ஆனால் குட்டை நிரம்பி வழிந்தால் மீன் வாய்க்கால் பிடித்துப் பெரியகுளத்துக்குப் போய்விடும். கஜாவுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரிய குளம் அது. கெண்டை அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், இனமும் கலந்துவிடும். வடிகாலில் வலை கட்டாமல் ஒரு குஞ்சுகூட விடாதீர்கள் மாமா என்றேன். "ஐப்பசி மழைக்கு முன்னாடி கட்டிப்புடுறேன் மாப்ளே. மீனை அப்பறமா வாங்குவோம்" என்றார்.