அடுப்பங்கரையும் சர்க்கார் விதியும்

மூன்றாண்டுகளுக்கு முன், தீபாவளி நெருங்கிய ஒரு நாள், அலுவலகத்தில் நம் மேசைமீது ஒரு காகிதம் கிடந்தது. அதில் பதினொரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கைமுறுக்கு அரைக் கிலோ, தட்டை ஒரு கிலோ என்று கணக்கு. எழுதியது நம் கைதான். மேலதிகாரி ஒருவர் அதனைக் கண்டு, அருகில் எவரும் இல்லாத வேளை பார்த்து, "இது யாருடைய வியாபாரம்?" என்று வினவினார். "வீட்டில் செய்கிறார்கள்" என்றோம். "1966-ஆம் ஆண்டு ரெயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் பதினைந்தாவதைப் படித்துப் பாரும்" என்று கூறிச் சென்றுவிட்டார்.

அன்றிரவே படித்தோம். ரெயில்வே ஊழியர் அனுமதியின்றித் தாமே வியாபாரம் செய்தலாகாது. அவர் குடும்பத்தில் எவரேனும் தொழில் நடத்தினால் அதனை நிர்வாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அவர்கள் தொழிலுக்காக ஊழியர் ஆதரவு திரட்டுவதோ விதிமீறலாகும். பதினொரு பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டது ஆதரவு திரட்டுதல் இல்லையென்றால் வேறெதுதான் ஆதரவு திரட்டுதல்? மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறிய நமக்கு இந்த உத்தியோகம் எளிதில் கிடைத்ததன்று. அதனை முறுக்குக்குப் பணயம் வைத்திருக்கிறோம் என்று எண்ணியபோது உறக்கம் வரவில்லை.

"தொழில் என்னுடையது. ஆபீசில் விற்கும்படி நான் உங்களிடம் சொன்னேனா?" என்று இல்லாள் கேட்டாள். சொல்லவில்லை என்பது உண்மையே.

ராஸ்தா பேட்டையில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டில், அக்கம்பக்கத்தார் விருப்பத்தினால் தொடங்கிய தொழில் இது. மகாராஷ்டிர அன்பர்கள் முறுக்கைத் தங்கள் சக்லியின் உறவு என்று கருதியே வாங்கினர். முதல் ஆண்டு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தோம். அச்சு மை உணவில் ஏறும் என்பதனால் 2018-ஆம் ஆண்டுப் பொதிவு விதிகள் அதனைத் தடுத்துள்ளன என்று பின்னரே அறிந்தோம்.

நடத்தை விதியைப் படித்த கையோடு உணவுச் சட்டத்தையும் படிக்கலானோம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், வீட்டு அடுப்பென்று எவரையும் விட்டுவிடவில்லை. ஆயினும் சிறு உற்பத்தியாளருக்கு முழு உரிமம் வேண்டுவதில்லை, பதிவு போதும் என்கிறது. 2011-ஆம் ஆண்டு விதிகள் இதற்கு ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய் என்று வரம்பு கட்டின. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் செலுத்தினோம். இத்தொகைகள் திருத்தப்படுபவை ஆதலின், விண்ணப்பிக்கும் அன்பர்கள் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்க. படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் கணினி வழியே விண்ணப்பித்து, பதினான்கு இலக்க எண் ஒன்று பெற்றோம். எல்லாம் இல்லாள் பெயரில்.

ஒட்டுச்சீட்டுத்தான் எம்மை வருத்தியது. பண்டத்தின் பெயர், சேர்பொருள்கள் அளவு மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை, எடை, செய்த நாள், கெடும் நாள், முகவரி, பதிவு எண், சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி என அனைத்தும் ஒரு சிறு காகிதத்தில் அடங்கவேண்டும். இஃதென்ன தொல்லை என்று சலித்துக்கொண்டதுண்டு. அவ்வமயம், முன்பு தட்டை வாங்கிய அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் வந்து, "இதில் வேர்க்கடலை உண்டா? என் பேரனுக்கு அது ஒவ்வாது" என்றார். உண்டு; ஆனால் முதல் ஆண்டு நாம் எங்கும் அதை எழுதியதில்லை! அப்பிள்ளை அந்தத் தட்டையை வாயில் வைக்காதது தெய்வாதீனம். அன்றுமுதல் "வேர்க்கடலை உள்ளது" என்ற வரியைப் பெரிய எழுத்தில் இல்லாள் தன் கையாலேயே எழுதுகிறாள்.

பிறகு எரிவாயு. 14.2 கிலோ உருளை வீட்டுச் சமையலுக்கு மட்டுமே உரியது. விற்பனைக்குச் சமைப்போர் 19 கிலோ வணிக உருளை வாங்கவேண்டும். எம் இலாபத்தில் கணிசமான பங்கை அது விழுங்குகிறது. காய்ந்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சக் கூடாதென்பதும் ஒரு செலவே.

1959-ஆம் ஆண்டு பம்பாய்க் கிர்காமில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இட்டதே இன்றைய லிஜ்ஜத் நிறுவனம் என்பதை இல்லாள் அடிக்கடி எடுத்துரைப்பாள். எம் அடுப்பு அவ்வளவு தூரம் போகாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரை போனால் போதும்.

மறு வாரமே நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையொப்பமும் பெற்றுக்கொண்டோம். பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிட்டோம். அந்தப் பதினொருவரில் நால்வர் பிறகு வாங்கவேயில்லை.

இவ்வாண்டு அலுவலக நண்பர் ஒருவர், "முறுக்கு உண்டா?" என்று கேட்டபோது நாம் வாய் திறக்கவில்லை. அவரோ வேறு வழியாய் விலாசம் அறிந்து, ஞாயிறு காலை நேரே வீட்டிற்கு வந்துவிட்டார். கதவைத் திறந்து, எடைபோட்டு, பணம் வாங்கியவள் இல்லாள். நாம் உள்ளே எண்ணெய்ச் சட்டி துலக்கிக்கொண்டிருந்தோம். அதைத் தடுக்கும் விதி எதுவும் நம் கண்ணில் படவில்லை.