தறிச்சத்தமும் ஒரு மில்லிவாட்டும்

இளம்பிள்ளையில் வீட்டிலிருந்து இசை கேட்பதென்றால் தறிச்சத்தத்திடம் அனுமதி பெற்றுத்தான் கேட்கவேண்டும். சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் ஓடுகின்றன. நாடா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்து மோதும் ஓசை காற்றில் வருவது பாதி, சுவர் வழியாக வருவது பாதி. 2012 வாக்கில் தமிழகம் முழுக்கக் கடும் மின்வெட்டு நிலவியபோதுதான் ஊரின் அமைதி எப்படியிருக்கும் என்பதை நாங்கள் அறிந்தோம். ஆனால் அந்த நேரங்களில் எங்கள் பாட்டுப்பெட்டியும் ஊமையாகிவிடும். தறி நின்றால் பாட்டில்லை. பாட்டிருந்தால் தறி நிற்பதில்லை.

ஆகவே ஹெட்போனுக்கு மாறினோம். சில ஆண்டுகளில் அதற்கென்று ஒரு தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்ற ஆசை வந்தது. காரணம் எஸ். பாலசந்தரின் வீணை. ஒரே மீட்டில் தந்தியை இழுத்து இழுத்து ஸ்வரம் ஸ்வரமாக எடுப்பவர் அவர். மீட்டிய ஒலி தேய்ந்துகொண்டே போகும்போதுதான் கமகத்தின் கடைசி வளைவு நிகழ்கிறது. அந்த வளைவைத் தறி தின்றுவிடுகிறது. பெருக்கினால் மீட்டுவிடலாம் என்று நம்பி ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கினோம்.

வாங்குவதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்களுடையது 32 ஓம் ஹெட்போன். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 100 டெசிபல் ஒலி தரும். பத்து டெசிபல் குறைத்தால் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிடும். நிதானமாகக் கேட்கும் 75 டெசிபலுக்கு ஒரு மில்லிவாட்டில் முந்நூறில் ஒரு பங்கே போதும். இசை திடீரென்று இருபது டெசிபல் எழும் இடத்திலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஒரு வோல்ட் தரும் சாதாரண கைப்பேசி இணைப்பானோ இந்த ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் கொடுத்துவிடும்; தேவையைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அப்படி ஒரு மோட்டார் ஓட்டும் தறியின் பக்கத்தில் அமர்ந்துகொண்டு, மில்லிவாட்டின் துணுக்கு போதாதென்று நாங்கள் ஏங்கியிருக்கிறோம்.

தனி ஆம்ப்ளிஃபயரே வீண் என்று சொல்லவில்லை. சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு அதே ஆற்றலைத் தர மூன்று மடங்கு மின்னழுத்தம் வேண்டும். அங்கே அதற்கு நியாயம் தொடங்குகிறது. வாங்குகிறவர்கள் வாட் எண்ணிக்கையைவிட அதன் வெளியீட்டு மின்மறுப்பைப் பார்ப்பது நல்லது. ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்கவேண்டும் என்பது புழக்கத்திலுள்ள விதி. 32 ஓமுக்கு நான்கு ஓம். மீறினால் சில ஹெட்போன்களில் கீழ்ச்சுருதிகளின் குணம் மாறிவிடும். 2011இல் தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 'ஆப்ஜெக்டிவ் 2' என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் வரைபடம் முழுவதையும் உலகுக்குப் பொதுவில் வைத்தார். நல்ல ஆம்ப்ளிஃபயர் தன்னுடையதாக எதையும் சேர்க்காது, அதை அளந்து காட்டலாம், அதற்கு அதிகச் செலவும் ஆகாது என்பதே அவர் வாதம். மறு ஆண்டே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்; வரைபடம் நிலைத்துவிட்டது.

எங்களுக்குக் குறைவாக இருந்தது ஆற்றல் அல்ல, அமைதி. அமைதியை எந்த ஆம்ப்ளிஃபயரும் பெருக்கித் தருவதில்லை. தறிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டினால், வீணையோடு சேர்ந்து காதும் தேயும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் பரிந்துரை. 100 டெசிபலுக்குக் கால்மணி நேரந்தான். நாடா ஓடும் தறிக்கூடங்களில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே ஒரு ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரமாகவும் இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கையில்தான் அப்பாவை நினைத்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் நின்றவர். எங்கள் ஹெட்போனை அவருக்கு மாட்டி ஒலியைக் கூட்டிக் கொடுத்தபோதெல்லாம், "பாட்டு கேக்குது, வார்த்தைதான் வெளங்கல" என்பார். பழைய பதிவின் குறை என்று எண்ணியிருந்தோம்.

ஆயிரம் ரூபாயை ஒட்டிய ஓர் இணைப்பானை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தோடு அவரைச் சேலத்துக்கு அழைத்துப்போனோம். செவித்திறன் வரைபடத்தில் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. பேரிரைச்சல் முதலில் பறிப்பது அந்த இடத்தைத்தான். உயிரெழுத்துகளின் கனம் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அது தங்கிவிடும்; ச, த போன்ற மெல்லிய உரசல்களும் வெடிப்புகளும் போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கிப் பயனில்லை. இழந்த இடத்தை மட்டும் அளந்து பெருக்கவேண்டும். செவிப்புலன் கருவி செய்வது அந்த வேலையைத்தான். எங்கள் வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்ட ஆம்ப்ளிஃபயர் அதுதான். அது ஐயாயிரத்துக்குள் அடங்கவில்லை, தவணையில் வாங்கினோம்.

இப்போது இரவில், தறி ஓய்ந்த பிறகு, காதை மூடும் ஹெட்போனில் குறைந்த ஒலியில் வீணை கேட்கிறோம். கடைசி வளைவு கேட்கிறது. அப்பாவுக்கு வீணையில் நாட்டமில்லை. வாசலில் அமர்ந்து, பேரன் சொல்லும் பள்ளிக்கதையை, இரண்டாம் முறை சொல்லச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.