சரிவில் நிற்கும் மரங்கள்

மரம் அளக்கப் பழகுகிறவருக்குச் சமதரை சுலபம். இலங்கையின் ஊவா மலைச்சரிவுதான் ஆளைச் சோதிக்கும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் நான் அளந்தவை பெரும்பாலும் தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரங்கள், அதாவது கிரவிலியா.

விட்டம் அறிய, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். சரிவில் இந்த உயரத்தை மரத்தின் மேட்டுப் பக்கத்திலிருந்து எடுப்பதே முறை. பள்ளத்துப் பக்கத்திலிருந்து எடுத்தால் நாடா கீழே இறங்கி, பருத்த அடிப்பகுதியைச் சுற்றி, மரத்தைப் பெரிதாகக் காட்டிவிடும். சுற்றளவு 110 சென்ரிமீட்டர் என்றால், 3.14ஆல் வகுக்க விட்டம் 35. தூரத்தைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். 30 பாகைச் சரிவில் நிலத்தோடு 20 மீட்டர் நாடா பிடித்தால், கிடையாக வருவது 17.3 மீட்டர்தான். மாதிரிக்காக அளக்கும் நிலத்துண்டின் பரப்புக்குக் கிடைத் தூரமே கணக்கு.

இந்த எண்களெல்லாம், பலகையும் விறகும் எவ்வளவு தேறும் என்று சொல்லும். ஆனால் அந்தச் சரிவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்கள் இருக்கின்றன; அவற்றின் ஆபத்தை அவை சொல்வதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைகளுக்குப் பிறகும் சனங்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

சரிவு நகர்வதை மரங்களும் காட்டக்கூடும். மண் மெல்ல நகரும் சரிவில் மரம் சாயும். பிறகு வெளிச்சம் தேடி நிமிரும். அடி வளைந்து, மேல் நேராக நிற்கும் மரம் பல வருட நகர்வைக் காட்டலாம். காற்றாலும் மரம் சாயும் என்பதால் ஒற்றை மரத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஒரே இடத்தில் பல மரங்கள் புதிதாகச் சாய்ந்து, நிலத்தில் வெடிப்பும் விழுந்து, ஊற்று கலங்கி வந்தால் வெளியேறத் தாமதிக்கவே கூடாது.

ஆகவே மலைத்தோட்டத்து மரப் பதிவேட்டில் விட்டம், உயரத்தோடு சாய்வுக்கும் ஒரு நிரல் வேண்டும். கோணமானியும் தூக்குக்குண்டும் அதற்குப் போதும். எண்ணிட்ட அதே மரங்களை ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மழைக்கு முன் அளந்து, மாற்றம் கண்டால் கிராம சேவகருக்கும் லயத்து மக்களுக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னபின் அவர்கள் போய்த் தங்கப் பாதுகாப்பான வீடும் இருக்க வேண்டும். வீடு இல்லாத எச்சரிக்கை யாரையும் காப்பாற்றாது என்பதை மீரியபெத்தை காட்டிவிட்டது.